மூன்று மூலை, ஒரே பிளக்

பிஸ்டன் இல்லை. வால்வு இல்லை. கேம் சாஃப்ட் இல்லை. கொனெக்டிங் ரொட் இல்லை. எஞ்சின் என்றால் இவைதான் என்று சின்ன வயதிலிருந்து கராஜ் வாசல்களில் கேட்டு வளர்ந்த சாமான் எதுவுமே இல்லாமல், மணிக்கு 170 கிலோமீற்றர் வரை ஓடக்கூடிய மோட்டார் சைக்கிள் ஒன்று என் வீட்டு முன்றலில் நிற்கிறது. 1975ஆம் ஆண்டுச் சுசுகி ஆர்.ஈ.5. ஜப்பானியர் செய்து கடைக்கு அனுப்பிய மோட்டார் சைக்கிள்களில் வாங்கெல் எஞ்சினோடு வந்தது இந்த இனம் ஒன்றுதான். உலகம் முழுவதற்கும் சேர்த்து 6,000 சொச்சம் வண்டிகள்தான் செய்தார்கள். அதில் ஒன்றை மறுபடி ஓட வைத்துவிட்டோம். வண்டி நிற்பது லண்டன் வெம்பிளியில். அதை ஓட வைத்த கைகளில் பாதி கொழும்பில் இருக்கின்றன.

இதை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்றே தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். திறப்பைத் திருப்புவதிலிருந்தே தொடங்குகிறேன். கைபிடிக்கு முன்னால் படுக்க வைத்த உருளை ஒன்று இருக்கிறது. அதன் மேல் பச்சை நிறத்தில் ஒளி ஊடுருவும் வளைந்த மூடி. திறப்பைத் திருப்பியதும் அந்த மூடி தானாக எழுந்து பின்னால் போகும். உள்ளேயிருந்து வேகமானி, சுழற்சிமானி, தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் எல்லாம் கண் விழிக்கும். பின்னால் உள்ள சிவப்பு விளக்கும் அதே உருளை வடிவம்தான். இதை வரைந்தவர் இத்தாலியின் ஜோர்ஜெட்டோ ஜுஜாரோ. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபின் முதல் உருவத்தை வரைந்த அதே மனிதர். அந்தக் காலத்து வாங்குநர்களுக்கு இந்த உருளை பிடிக்கவில்லை. 1976 மாடலில் சுசுகி அதைக் கழற்றிவிட்டு வழமையான இரட்டை வட்டங்களைப் பூட்டிவிட்டது. எனக்கு அந்த 1976 வண்டியைச் சும்மா தந்தாலும் வேண்டாம். ஒரு மோட்டார் சைக்கிள் நம்மைப் பார்த்து இமை திறப்பதை வேறு எதில் காண முடியும்?

கொழும்பு மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளை அறிந்தவர்களுக்கு, அங்கே என்னதான் கிடைக்காது என்பதும் தெரியும். மருத்துவப் பாடநூலுக்கும் பழைய ஜோதிடப் புத்தகத்துக்கும் நடுவில், அட்டை கிழிந்த ஆங்கில மோட்டார் சைக்கிள் சஞ்சிகை ஒன்று எனக்கு அங்கேதான் கிடைத்தது. நடுப்பக்கத்தில் ஆர்.ஈ.5. முன்னால் கார் போல ரேடியேற்றர். அதன் கீழே ஒயிலைக் குளிர்விக்க இன்னொன்று. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு விளங்காத வட்டமான ஒரு பெட்டகம். அந்தப் படத்தை எங்கள் மட்டக்குளி வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். கடல்காற்றின் உப்பில் தாள் மஞ்சளாகி நொறுங்கும்வரை அது அங்கேயே இருந்தது.

இந்த வண்டி பிறந்த காலத்தில் அது கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியிருக்க வழியே இல்லை. எழுபதுகளின் நடுப்பகுதி இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் உச்சம். 1977க்குப் பிறகு கதவு திறந்தபோது வந்து குவிந்தவை ஹொண்டாக்கள். எங்கள் தெருவில் ஒரு சி.டி. 125, தபால்காரரிடம் ஒரு எம்.டி. 90, கோயிலுக்குப் போகிற பெரியவரிடம் ஒரு ஃபிஃப்டி. அவற்றில் எதுவும் இறந்ததாக எனக்கு நினைவில்லை. பிஸ்டன் தேய்ந்தால் போர் பண்ணுவார்கள். சங்கிலி நீண்டால் ஒரு கண்ணியைக் கழற்றுவார்கள். டாங்கி ஓட்டையானால் ஈயம் வைப்பார்கள். வாகனம் என்றால் அதைத் திருத்திக்கொண்டே இருப்பது என்ற பாடத்தை எங்களுக்கு யாரும் பலகையில் எழுதிச் சொல்லித் தரவில்லை.

இனி அந்த எஞ்சின். கொழும்புத் தேநீர்க் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும் மரக்கறி ரொட்டியைப் பாருங்கள்: மூன்று மூலை, பக்கங்கள் மூன்றும் சற்று உப்பல். வாங்கெல் எஞ்சினின் ரோட்டர் அச்சு அசல் அந்த வடிவம். அது இடுப்பு லேசாக ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள், மூன்று மூலைகளும் எப்போதும் சுவரைத் தொட்டபடி, வட்டமாகவும் இல்லாமல் நேராகவும் இல்லாமல் ஒருவித ஆட்டத்தோடு சுழல்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள இடைவெளி பெரிதாகிச் சிறிதாகிக்கொண்டே நகரும். ஓரிடத்தில் பெற்றோலும் காற்றும் உள்ளே வரும்; அடுத்த இடத்தில் அது நெருக்கப்படும்; பிளக் பொறி விட்டதும் வெடித்து ரோட்டரைத் தள்ளும்; கடைசியில் புகையாக வெளியே போகும். மூன்று பக்கங்களிலும் மூன்று கட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும். ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நடுவில் உள்ள தண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும். ஆகவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. மேலும் கீழும் அடித்துக்கொள்கிற பாகம் ஒன்றுகூட இல்லை. இந்தப் படத்தை முதன்முதலில் விளங்கிக்கொண்ட இரவில் எனக்கு நித்திரை வரவில்லை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த மூன்று மூலை சுழல்வதை என்னால் பார்க்க முடியும்.

இதைக் கனவு கண்டவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல். 1902இல் பிறந்தவர். 1929இல் முதல் காப்புரிமை எடுத்தார். பிறகு 1957 பெப்ரவரி 1ஆம் திகதி என்.எஸ்.யூ. கம்பனியில்தான் அவருடைய முதல் எஞ்சின் ஓடியது. அதில் ரோட்டரோடு சேர்ந்து அறையும் சுழன்றது. என்.எஸ்.யூ. பொறியியலாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே அறையை அசையாமல் நிறுத்தி, ரோட்டரை மட்டும் ஆட விட்டு எளிமையாக்கினார். இன்றைக்கு உலகம் அறிந்த ரோட்டரி எஞ்சின் அந்தப் பாஷ்கே வடிவம்தான். அவர் பெயர் இன்னும் பெரிதாக எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை.

ஆசை பெரிது, நோயும் பெரிது. ரோட்டரின் மூலைகளில் இருக்கும் சீல்கள்தான் அந்த நோய். அவை சுவரை உரசி உரசித் தேயும். சுவரிலும் வரி வரியாகக் கீறல் விழும். இதே எஞ்சினைக் கார்களில் வைத்த ஜப்பானின் மஸ்டா பொறியியலாளர்கள் அதைப் பிசாசின் நகக்கீறல் என்று சொன்னார்கள். 1967இல் வந்த என்.எஸ்.யூ. ரோ 80 கார், அழகில் காலத்தை மிஞ்சியும், இந்தத் தேய்மானத்தாலேயே தன் கம்பனியை மூச்சுத் திணற வைத்தது. சுசுகி 1970 நவம்பரில் என்.எஸ்.யூ.விடம் உரிமம் வாங்கியபோது முதலில் பிடித்துக்கொண்டது இந்த நோயைத்தான். நிக்கலோடு சிலிக்கன் கார்பைட் துகள்களைக் கலந்து அறையின் சுவரில் மின்முலாமாகப் பூசும் முறையைத் தன் ஆலையிலேயே உருவாக்கியது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தப் பூச்சை என் விரலால் தடவிப் பார்த்தேன். அந்தக் கதையைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

1973 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் ஆர்.ஈ.5 மேடையேறியது. அதே ஆண்டு ஒக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. பெற்றோல் குடிக்கும் எஞ்சினுக்கு அதைவிடக் கெட்ட நேரம் வேறு இருக்க முடியாது. 1974இன் கடைசியில் விற்பனைக்கு வந்தபோது அமெரிக்காவில் அறிமுகம் செய்ய அப்பலோ 14இல் போய்ச் சந்திரனில் நடந்த எட்கர் மிட்செலையே அழைத்து வந்தார்கள். 497 சி.சி., ஒரே ரோட்டர், 62 குதிரைவலு, ஐந்து கியர், 230 கிலோ. பத்திரிகைக்காரர்கள் ஓட்டிப் பார்த்து, நேர்த்தியாக ஓடுகிறது, ஆனால் ஏன் இவ்வளவு சிக்கல் என்று கேட்டார்கள். திருத்துபவர்கள் தொடவே பயந்தார்கள். 1976இல் சுசுகியின் நான்கு சிலிண்டர் ஜி.எஸ். 750 வந்ததும் இதன் கதை முடிந்தது. தோற்றுப்போன வண்டி என்று வரலாற்றில் ஒரு வரி. அந்த வரியோடு எனக்குத் தீராத சண்டை. விற்பனையில் தோற்றது உண்மை. எஞ்சினாக அது தோற்கவே இல்லை. அதற்கு என் கையில் சாட்சி இருக்கிறது.

நான் வாங்கிய வண்டி இங்கிலாந்தின் ஒரு தோட்டக் கொட்டகையில் பல்லாண்டு படுத்திருந்தது. நீல நிறம், அதாவது ஒருகாலத்தில் நீலம். ரேடியேற்றருக்குள் தண்ணீர் வற்றிப் பச்சைப் பொடியாகிவிட்டது. கேபிள்கள் உறைகளுக்குள் இறுகிப்போயிருந்தன. இருக்கையை எலிகள் குடியிருப்பாக்கியிருந்தன. அந்தப் பச்சை மூடி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி காணாமலே போயிருந்தது. என்னோடு வேலை செய்யும் நண்பரொருவர், பார்த்தவுடன் உதிரிப்பாகத்துக்கு விற்றுவிடச் சொன்னார். எஞ்சினைத் திறந்து பார்க்காமல் அந்தப் பேச்சைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

திறந்த நாளை மறக்க மாட்டேன். சுற்றிவர போல்ட்டுகளைக் கழற்றிப் பக்கத் தகட்டை மெதுவாக இழுத்தபோது, உள்ளே ரோட்டர் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது. சீல்கள் கரியில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தன. ரோட்டரை வெளியே எடுத்துவிட்டு, துணியில் மண்ணெண்ணெய் நனைத்து அறையின் சுவரைத் துடைத்தேன். கண்ணாடி! ஒரு கீறல் இல்லை, ஒரு வரி இல்லை. என் முகம் அதில் வளைந்து தெரிந்தது. இந்த எஞ்சினின் எந்த இடம் கெட்டுப்போகும் என்று உலகமே சொல்லி வைத்திருந்ததோ, அந்த இடத்தைச் சுசுகியின் பூச்சு 1975இலிருந்து அப்படியே காத்து வைத்திருந்தது. ஜப்பானில் அந்த முலாம்தொட்டிக்கு முன்னால் நின்று வேலை செய்த, பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்களை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சீல்களைக் கரைப்பானில் ஊறப் போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, தடிப்பை அளந்தேன். மூன்று மூலைச் சீல்களும் இன்னும் பாவிக்கக்கூடிய அளவிலேயே இருந்தன. புதிய ரப்பர் வளையங்கள், புதிய ஒயில் சீல்கள், கார்பரேற்றருக்கு ஒரு பழுதுபார்ப்புப் பொதி. எஞ்சினின் உள்ளகம் அத்தோடு முடிந்துவிட்டது. மிச்சம் எல்லாம் வெளியே. அந்த வெளிவேலைக்குத்தான் லண்டனில் கேட்ட விலைகள் தலையைச் சுற்ற வைத்தன. சில இடங்களில் விலைகூடச் சொல்லவில்லை, செய்வதில்லை என்றே சொல்லிவிட்டார்கள். புதிதாக வாங்கச் சொன்னார்கள். புதிதாக யார் செய்கிறார்கள்?

அப்போதுதான் அம்மாவைப் பார்க்கப் போகும் பயணத்துக்குச் சூட்கேஸ் கட்டும் நேரம் வந்தது. உடுப்புகளைக் குறைத்துவிட்டு ரேடியேற்றர், கேபிள் கட்டு, இருக்கையின் தகரச் சட்டம், உடைந்த பச்சை மூடியின் பாதி, காட்டுவதற்கென்று வாங்கிய பழைய ரோட்டர் ஒன்று, எல்லாவற்றையும் துவாய்களில் சுற்றி வைத்தேன்.

மட்டக்குளியைத் தெரியாதவர்களுக்கு: கொழும்பு 15, நகரத்தின் வடக்கு எல்லை. களனி கங்கை கடலோடு சேரும் இடம். ஒரு பக்கம் காக்கைதீவுக் கடற்கரை, மறுபக்கம் ஆற்றுக்கு அப்பால் வத்தளை. தெற்கே முகத்துவாரம், கொட்டாஞ்சேனை. தமிழும் சிங்களமும் ஒரே வசனத்துக்குள் கலந்து வரும் ஊர். மீன் வள்ளத்து எஞ்சினிலிருந்து ஓட்டோ கியர் பெட்டி வரை திருத்துகிற சின்னச் சின்னப் பட்டறைகள் வீடுகளின் முன்பக்கத்திலேயே இருக்கும். உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டு வைக்காது. அதனாலேயே துருவோடு சண்டை பிடிக்கத் தெரியாத கை அங்கே இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, நாட்டில் உள்ள பழைய வண்டிகளைத் தாங்கிப் பிடித்தது இப்படிப்பட்ட பட்டறைகள்தான்.

எங்கள் தெரு லேத் பட்டறை அண்ணனின் மேசையில் முதலில் ரோட்டரை வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த பல்சக்கரத்தில் விரலை விட்டுச் சுழற்றினார்.

“இது எந்த மெஷின்ட சாமான் தம்பி?”

“மோட்டார் சைக்கிள் எஞ்சின் அண்ணன். பிஸ்டனுக்குப் பதிலா இதுதான்.”

அவர் ஒன்றும் கதைக்கவில்லை. சோக்குக்கட்டியை எடுத்துச் சீமெந்து நிலத்தில் அந்த ஒடுங்கிய நீள்வட்டத்தைத் தானே வரைந்தார். நான் சொல்லித் தரவில்லை. ரோட்டரின் மூன்று மூலைகள் எங்கே தொடும் என்று ஒவ்வொரு இடமாகப் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்து, அறையின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு நிமிர்ந்து, “அப்ப ஒரு சுத்துக்கு மூண்டு வெடி” என்றார். ஜெர்மனியில் காப்புரிமைத் தாள்களில் கிடந்த ஒன்றை மட்டக்குளியில் சோக்குக்கட்டியால் ஒருவர் கண் முன்னால் விடுவித்ததைப் பார்க்க என் கண் கலங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரைபடத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

கேபிள் விசயம் தனிக்கதை. ஆர்.ஈ.5இன் அக்சலேற்றரை முறுக்கினால் ஐந்து கேபிள்கள் அசையும். மிகுனி கார்பரேற்றருக்கு இரண்டு கட்டம் உண்டு. மெதுவாக ஓடும்போது சிறிய வழியால் மூச்சு எடுக்கும், முறுக்கினால் பெரிய வழி திறக்கும். உள்ளே போகும் பாதையில் இன்னொரு வால்வும் சேர்ந்து அசைய வேண்டும். அதோடு, மூலைச் சீல்களுக்குச் சொட்டுச் சொட்டாக ஒயில் கொடுக்கும் பம்ப்பும் முறுக்கின் அளவுக்கு ஏற்பக் கூட வேண்டும். ஒன்றின் நீளம் கொஞ்சம் பிசகினாலும் எஞ்சின் இருமும். இந்தக் கேபிள்களைத்தான் பத்திரிகைக்காரர்கள் பைத்தியக்கார வேலை என்று எழுதினார்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஓட்டோக்களுக்குக் கேபிள் கட்டும் ஒரு தம்பி, பழையவற்றை மேசையில் வரிசையாக ஆணியடித்து நிறுத்தி, உறை நீளம் வேறாக, உள்கம்பி நீளம் வேறாக அளந்து, முனைக்கு ஈயம் உருக்கி ஊற்றி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே ஐந்தையும் செய்து தந்தார். இன்றைக்கு வரை அவற்றில் ஒன்றையும் நான் திரும்ப இழுத்துக் கட்ட வேண்டி வரவில்லை. தொட்டுப் பார்த்தால் பட்டு நூல்.

ரேடியேற்றர் வேலை செய்தவர் ஒரு நானா. பஞ்சிகாவத்தையில் லொறி ரேடியேற்றர்களுக்கு நடுவில், தொட்டியில் கையை முழங்கை வரை விட்டுக்கொண்டு இருந்தார். மோட்டார் சைக்கிளுக்கு ரேடியேற்றரா என்று கேட்டுவிட்டு, பழைய பித்தளைத் தொட்டிகள் இரண்டையும் காப்பாற்றி, நடுவில் உள்ள கண்ணறைப் பகுதியைப் புதிதாக வைத்து ஒட்டினார். காற்று அடித்து நீருக்குள் அமுக்கிப் பார்த்தபோது ஒரு குமிழிகூட வரவில்லை. அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்துப்போனது: “இது தண்ணியால குளிருது, ஒயிலால எது குளிருது?” ரோட்டர் என்றேன். அறையைத் தண்ணீர் குளிர்விக்கிறது. உள்ளே சுழலும் ரோட்டரை ஒயில் குளிர்விக்கிறது. கியர் பெட்டிக்கு வேறு ஒயில். சீல்களுக்குத் தனித் தாங்கியிலிருந்து எரிந்து போகும் ஒயில் வேறு. நானா தலையை ஆட்டி, “அப்ப இது பெரிய வீட்டுப் புள்ள” என்றார்.

இப்போது அந்தப் பச்சை மூடி. அது இல்லாமல் ஆர்.ஈ.5 குருடு. எங்கே தேடியும் நல்லதொரு அசல் மூடி எனக்கு அகப்படவில்லை. கொட்டாஞ்சேனையில் கடைப் பெயர்ப்பலகை செய்யும் ஒருவரிடம் உடைந்த பாதியைக் கொண்டுபோனேன். அவர் அதை வெயிலுக்கு எதிரே பிடித்து நிறத்தைப் பார்த்தார். பலகைக்கு வெட்டி மிஞ்சிய அக்ரிலிக் தகடுகளைக் கிளறி, பச்சையில் மூன்று நான்கு சாயல்களை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அசலைவிட ஓர் இழை ஆழமான பச்சையை அவரே தெரிவுசெய்தார். வெயில் நாட்டுக் கண்ணுக்கு அதுதான் சரி என்றார். மூடி உருளையின் ஒரு துண்டுதானே? ஆகவே அதே விட்டத்தில் ஓர் இரும்புக் குழாய் தேடி, தடம் விழாமல் இருக்கப் பிளானல் துணி சுற்றி, தகட்டை அடுப்பில் இளக வைத்து, இருவர் இரு பக்கமும் பிடித்துக் குழாயின் மேல் படிய விட்டார்கள். ஆறும்வரை யாரும் மூச்சு விடவில்லை. ஓரங்களை அரத்தால் தேய்த்து, பொலிஷ் போட்டு, என் கையில் தந்தபோது அது ஜுஜாரோவின் மேசையிலிருந்து வந்தது போலவே இருந்தது. என் வண்டியில் அசல் நிலையிலிருந்து வேறுபட்ட பாகங்கள் சில உண்டு. உயரத்துக்கு ஏற்றபடி இருக்கையைச் சற்றுத் தாழ்த்தி, கறுப்பு ரெக்சினில் நீல நூலால் தைக்க வைத்தேன். முன் பிரேக் குழாய்களை எஃகுப் பின்னல் போட்டவையாக மாற்றினேன். ஆனால் பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது கொட்டாஞ்சேனைப் பச்சையைப் பற்றித்தான்.

பூட்டும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கை பழகிவிட்டால் ஆர்.ஈ.5 பயமுறுத்தும் வண்டியே இல்லை. டாங்கிக்கு நீலம் அடித்தாயிற்று. அரிதாகிவிட்ட அந்த ஒரேயொரு பிளக்கை, விலையைப் பற்றிக் கவலைப்படாமல் வாங்கிப் பூட்டினேன்.

முதல் ஸ்டார்ட். பட்டனை அழுத்தியதும் எஞ்சின் உருண்டது. பிஸ்டன் எஞ்சின் மாதிரி எத்தி எத்தி உருளாது. ஒரே சீராக, காற்றுப் போவது போன்ற ஓர் ஒலி. சீல்களைப் பூட்டும்போது பூசிய ஒயிலெல்லாம் எரிந்து முன்றல் முழுவதும் வெள்ளைப் புகை. பிறகு பற்றிக்கொண்டது. ஆயிரம் சுற்றில் நின்று ஆழமான குரலில் பாடத் தொடங்கியது. நான் வட்ஸ்அப்பில் மட்டக்குளிக்கு நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தேன். லேத் அண்ணன் பட்டறையில் எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு, ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து டாங்கியின் மேல் வைக்கச் சொன்னார். வைத்தேன். எஞ்சின் ஓட ஓட, தண்ணீரின் மேற்பரப்பில் மெல்லிய நடுக்கம் மட்டும். அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டல் கேட்டது.

ஓட்டும் சுகத்தை எப்படிச் சொல்வது? கிளச்சை விட்டதும் கீழ்ச்சுற்றிலேயே பிடித்து இழுக்கும். 4,000 சுற்றில் ஓடுகிறதா 6,000இல் ஓடுகிறதா என்று கைக்குத் தெரியாது, முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியில் பின்னால் வரும் காரின் எண்தகடு நடுங்காமல் தெரியும். ரோட்டரி எஞ்சின்கள் அக்சலேற்றரை மூடியதும் உதறும் என்பார்கள். சுசுகி அதற்கும் மருந்து வைத்திருக்கிறது. இரண்டு சோடி பொயின்ட்டுகள். வேகம் குறைக்கும்போது ஒரு சோடி விலகி, மற்றது ஒன்றுவிட்டு ஒன்று பொறி விடும். உதறலே இல்லை. சைலன்சர்கள் இரட்டைச் சுவர் உள்ளவை; வெளியேறும் வாயுவின் கடுஞ்சூட்டைத் தணிக்க, முன்னால் உள்ள சிறு கம்பிவலை வழியாகக் காற்று புகுந்து இரண்டு சுவருக்கும் நடுவில் ஓடும். ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு விடை, ஒவ்வொரு விடையிலும் யாரோ இரவிரவாக யோசித்த தடம். பெற்றோல் அதிகம் குடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். சங்கீதக் கச்சேரிக்கு டிக்கெட் எடுப்பதில்லையா?

வெம்பிளியில் இருந்து நோர்த் சேர்க்குலர் வீதியில் கொஞ்சத் தூரம் போனால் ஏஸ் கஃபே. 1938இல் லொறிக்காரர்களுக்காகத் தொடங்கி, போரில் குண்டு விழுந்து, 1949இல் மறுபடி கட்டி, 1969இல் மூடி, 2001இல் மீண்டும் திறந்த இடம். அங்கே ட்ரயம்ஃபும் பி.எஸ்.ஏ.யும் வைத்திருக்கும் வெள்ளைக்காரப் பெரியவர்கள், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இளமையில் இதைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததாக ஒருவர் சொன்னார். மூடியைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லிக் குழந்தை போலக் கேட்டார். எத்தனையோ முறை காட்டினேன்.

பிறகு சுமார் 150 கிலோமீற்றர் ஓடி, பேர்மிங்ஹாமுக்கு அருகே பிக்கன்ஹில்லில் உள்ள தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்துக்குப் போனேன். பிரித்தானிய நார்ட்டன் கம்பனியின் ரோட்டரிகளைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சுசுகி கைவிட்ட பிறகும் இந்த எஞ்சினை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் நார்ட்டன்காரர்கள். முதலில் பொலிஸ் வண்டிகள், பிறகு ரேஸ் வண்டிகள். 1992இல் மான் தீவு சீனியர் டி.டி. பந்தயத்தில் ஸ்டீவ் ஹிஸ்லொப் வெள்ளை நிற ரோட்டரி நார்ட்டனில், கார்ல் ஃபோகார்ட்டியை 4.4 செக்கனால் வென்றார். 1961இல் மைக் ஹெயில்வுட் வென்றதற்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் நார்ட்டன் வென்றது அப்போதுதான். அதற்கு முதல் ஆண்டு, 1991இல், ரோட்டரி எஞ்சின் பூட்டிய மஸ்டா 787பி கார் லெ மான்ஸ் 24 மணித்தியால ஓட்டத்தை வென்றிருந்தது. தோற்ற எஞ்சின் என்று இதைச் சொல்பவர்களை இந்த இரண்டு பந்தயங்களின் காணொளிகளுக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

அந்த அருங்காட்சியகமே மீளுருவாக்கத்தின் கோயில். 2003 செப்டெம்பரில் தீப்பிடித்து 300க்கு மேற்பட்ட வண்டிகள் கருகின. அடுத்த ஆண்டே கதவைத் திறந்தார்கள். எரிந்த வண்டிகளை ஒவ்வொன்றாகப் புதுப்பித்து நிறுத்தினார்கள். அங்கே நடந்துகொண்டே, நானாவின் தொட்டியையும் சோக்குக்கட்டி வரைபடத்தையும் பெயர்ப்பலகைக்காரரின் அடுப்பையும் நினைத்தேன். அவர்கள் மூவரையும் இந்த மண்டபத்துக்குக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்ற ஆசை பிறந்துவிட்டது. விசா வேலை தொடங்கியாயிற்று.

அதோடு இன்னொன்றும் தொடங்கிவிட்டது. ஜெர்மனியில் ஹெர்கியூலிஸ் டபிள்யூ. 2000 ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. சாக்ஸ் கம்பனியின் ரோட்டரி எஞ்சின், 294 சி.சி., காற்றால் குளிரும் வகை, எஞ்சினுக்கு முன்னால் பெரிய விசிறி. ரேடியேற்றர் கிடையாது என்றதும் நானாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். விசிறியின் கூடு வெடித்திருக்கிறது என்று படம் அனுப்பினேன். “அத கழட்டிக் கொண்டு வாங்க தம்பி, பாப்பம்” என்று குரல் பதிவு வந்திருக்கிறது. விற்பவரோடு விலை பேசிக்கொண்டிருக்கிறேன்.